வேலிச் செந்தட்டியும் டப்பா நெட்டிலும்

போன மாதம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓர் அண்ணாச்சி வந்தார். வயது 68, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். துபாயிலிருந்து மகன் அனுப்பிய ‘நெட்டில் ரூட்’ கேப்சூல்.

“இது நம்ம வேலியில கெடக்க செந்தட்டிதான டாக்டர்? வேரப் புடுங்கி கஷாயம் வச்சுக் குடிச்சா போதாதா?”

நியாயமான கேள்விதான். இரண்டும் மேலே பட்டால் தடித்துப்போய் அரிக்கும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் போய்க் காட்டுக்குள் ஒதுங்கியவர்களுக்குச் செந்தட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செடி வேறு. செந்தட்டி என்கிற சிறுகாஞ்சொறி ஆமணக்குக் குடும்பத்துக் கொடி. டப்பாவில் இருப்பது அர்ட்டிகா டயோய்கா. குளிர்ப் பிரதேசத்துச் செடி, நம் வெயிலுக்குத் தாங்காது.

செந்தட்டி வேரும் மருந்துதான். 2020இல் வீட்டுக்கு வீடு குடித்தோமே கபசுரக் குடிநீர், அதன் 15 சரக்குகளில் சிறுகாஞ்சொறி வேரும் ஒன்று. அது சளி, காய்ச்சலுக்கு. அண்ணாச்சிக்கு இருந்ததோ புராஸ்டேட் வீக்கம், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி பெருத்துப்போவது.

நெட்டில் வேரை ஐரோப்பாவில் இதற்குத்தான் கொடுக்கிறார்கள். சிறுநீர் முக்கி முக்கிப் போவது, ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது இதெல்லாம் சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது. சுரப்பி சுருங்குவதில்லை. இலையை மூட்டுவலிக்குச் சாப்பிடுகிறார்கள். அதற்கு ஆதாரம் பலமாக இல்லை என்பதே என் கருத்து.

எனக்குக் கவலை அந்தக் ‘கொஞ்சம் குறைகிறது’தான். அண்ணாச்சி எட்டு மாதம் கேப்சூல் விழுங்கியிருக்கிறார், ஒரு ஸ்கேன்கூட எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னேன். சிறுநீர் கழித்த பிறகும் சிறுநீர்ப்பையில் 180 மில்லி தேங்கி நின்றது. இப்படியே விட்டால் ஒருநாள் ராத்திரி மொத்தமாக அடைத்துக்கொள்ளும், சிறுநீரகமும் கெடும். அறிகுறி ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது புற்றுநோயாகவும் இருக்கலாம், பார்க்காமல் எப்படித் தெரியும்?

அப்புறம், நெட்டில் இலையில் வைட்டமின் கே உண்டு, அது ரத்தம் உறைய உதவுவது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தொடக்கூடாது. பிரஷர், சுகர் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் டப்பாவையே கொண்டுவந்து காட்டுங்கள். நான் சித்த மருத்துவன்தான், என்னிடமும் மறைக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

அண்ணாச்சியைப் பாளையங்கோட்டைக்கு, சிறுநீரக அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். கேப்சூலை நிறுத்தச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“வீட்டுல இன்னும் ரெண்டு டப்பா கெடக்கே டாக்டர், வீணாப் போயிருமே?”