ஓவர்ஸ்டே: கெடு கடந்த தங்கல்

அமெரிக்காவில் இருக்கும் அம்மா அப்பாவைப் பார்க்கப் போன பிள்ளை சொன்ன நாளில் திரும்பவில்லை என்றால், 'ஓவர்ஸ்டே ஆயிட்டான்' என்கிறோம். இந்த 'ஆயிட்டான்' கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்தில் ஓவர்ஸ்டே என்பது ஒருவர் செய்யும் செயல். நம் பேச்சில் அது காய்ச்சல் போலத் தானாக வந்து சேர்ந்த ஒன்றாகிவிடுகிறது. பலருக்கு நடப்பதும் அப்படித்தான். சொல்லின் பொருள் பிடிபடாமலே நாள் கடந்துவிடுகிறது.

'ஓவர்' என்றால் மிகுதி, எல்லை தாண்டல். 'ஸ்டே' லத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். நிற்றல் என்பது அதன் வேர்ப்பொருள். ஆக, நிற்க விட்ட அளவைத் தாண்டி நிற்பது. சரி, அந்த அளவு எது? நம் செய்திகளில் பெரும்பாலும் 'விசா காலாவதியான பிறகும் தங்கியவர்' என்று வருகிறது. அமெரிக்காவைப் பொறுத்தவரை இது பிழை. விசா என்பது 'பார்க்கப்பட்டது' எனப் பொருள்படும் லத்தீன் சொல். தாளைப் பார்த்தாயிற்று, வாசல் வரை வரலாம் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் 'நுழைவிசைவு' என்ற தமிழ்ச்சொல் அவ்வளவு பொருத்தம். நுழையத்தான் இசைவு, தங்குவதற்கு அல்ல.

ஈரோட்டிலிருந்து 24 வயதுப் பெண் ஒருத்தி போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் சுற்றுலா விசா 10 ஆண்டுக்கானது. விமான நிலையத்தில் அதிகாரி அவளுக்கு 6 மாதம் தருகிறார். அந்தக் கடைசித் தேதி இருப்பது ஐ-94 என்ற பதிவில். முன்பெல்லாம் அது பாஸ்போர்ட்டுக்குள் செருகித் தரும் சின்ன வெள்ளை அட்டை. விமானத்தில் வருபவர்களுக்கு 2013 முதல் அது மின்னணுப் பதிவாகிவிட்டது. நாமே இணையத்தில் போய்ப் பார்த்தால்தான் உண்டு. கையில் அட்டை இருந்த காலத்தில் தேதி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இப்போது கண்ணில் படுவது விசாவில் உள்ள 10 ஆண்டுதான். அவளுடைய கெடு 6 மாதத்தில் முடிந்துவிடும். நீட்டிப்புக் கேட்பதென்றால் அதற்குள் கேட்க வேண்டும். கேட்காமல் அந்தத் தேதியைத் தாண்டி இருந்தால் அது ஓவர்ஸ்டே, விசாவில் 9 ஆண்டு மிச்சம் இருந்தாலும்.

'பெற்றோர் மனுப் போட்டுவிட்டார்கள், அதனால் இருக்கலாம்' என்று சொல்பவர்கள் உண்டு. ஐ-130 என்ற அந்த மனு உறவை நிறுவுகிறது, கிரீன் கார்டு என்னும் நிரந்தர வசிப்புரிமைக்கான வரிசையில் ஓர் இடம் பிடித்துத் தருகிறது. தங்கும் உரிமை எதையும் தருவதில்லை. பெற்றோர் கையில் இருப்பது கிரீன் கார்டா, குடியுரிமையா என்பதிலும் எல்லாம் மாறிவிடும். குடியுரிமை பெற்றவரின் 21 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளை முறைப்படி நுழைந்திருந்தால், நாள் கடந்திருந்தாலும் அங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டுக்காரரின் 24 வயது மகளுக்கு அந்தச் சலுகை இல்லை. வரிசை வர ஆண்டுகள் ஆகும். நடுவில் கல்யாணம் ஆனால் மனுவே செல்லாமல் போகும்.

இதைவிடக் கொடுமையான முடிச்சு ஒன்று உண்டு. 1996-இல் வந்த சட்டப்படி, கெடு கடந்து 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியேறினால் 3 ஆண்டு திரும்ப வர முடியாது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 10 ஆண்டு. தடை விழுவது வெளியேறும்போதுதான். நாள் கடந்ததால் அந்த 24 வயது மகள் அங்கிருந்து விண்ணப்பிக்க முடியாது, இந்தியாவிலுள்ள தூதரகத்துக்கு வர வேண்டும். வரக் கிளம்பினால் தடை விழும். மகளைப் பிரிவதால் பெற்றோருக்குக் கடும் துன்பம் வரும் என்று மெய்ப்பித்து விலக்குக் கேட்கலாம், ஆனால் அது எளிதில் கிடைப்பதில்லை. 18 வயதுக்கு முந்தைய நாள்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

கிரீன் கார்டுக்கு 'நிரந்தர வசிப்புரிமை' என்ற சொல் நமக்குப் பழகிவிட்டது. இலங்கையில் 'வதிவிட வீசா', 'வதிவிட உரிமை' என்கிறார்கள். வதிதல் என்றால் தங்குதல். சங்கப் பாட்டில் உள்ள சொல்லை அவர்கள் அரசுப் படிவத்தில் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

ஓவர்ஸ்டேக்கு என்ன சொல்லலாம்? 'மிகைத்தங்கல்' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் எதை மிஞ்சியது என்று சொல்லவில்லை. 'சட்டவிரோதக் குடியேற்றம்' என்று சிலர் எழுதுவது நியாயமில்லை; இவர்கள் அனுமதியோடு வாசல் வழியாக நுழைந்தவர்கள். எனக்குப் பிடித்தது 'கெடு கடந்த தங்கல்'. கெடு என்ற சொல்லை நாம் கடனுக்கும் வழக்குக்கும் தினமும் சொல்கிறோம். ஒருவர் வைத்த நாள் என்ற பொருள் அதில் தெளிவாக நிற்கிறது. தங்கலும் புதுச்சொல் இல்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் திருமகள் தங்கிய ஊரைத் திருத்தங்கல் என்றுதான் அழைக்கிறோம். 'விசா முடிந்தும் தங்கினார்' என்று எழுதும் இடத்தில் 'கெடு கடந்து தங்கினார்' என்று எழுதினால், படிப்பவர் 'யார் வைத்த கெடு, எந்தத் தேதி?' என்று கேட்பார். அந்தத் தேதி ஐ-94-இல் இருக்கிறது.