கம்போஸ்ட்: மட்குரமா, கூட்டெருவா?

கம்போஸ்ட் என்பது லத்தீனில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'சேர்த்து வைத்தது' என்று பொருள். இலங்கைத் தமிழர் வழங்கும் 'கூட்டெரு' இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. தமிழ்நாட்டில் மக்கிய உரம், மட்குரம் என்கிறோம். 'மட்கு' எழுத்து வழக்கு, 'மக்கு' பேச்சு வழக்கு. இரண்டுக்கும் அகராதியில் இடமுண்டு. தொழுவுரம் வேறு, அது மாட்டுத் தொழுவத்துச் சாணமும் கூளமும். உழவர் "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால் எருவைத்தான் கேட்கிறார். நகரத்தில்தான் குப்பை, வண்டியேற்றித் தொலைக்கும் பொருளாகிவிட்டது.

1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட், செடிக்கழிவையும் சாணத்தையும் அடுக்கிப் புரட்டும் முறையை ஒழுங்குபடுத்தினார். இந்தூர் முறை என்று அதற்குப் பெயர். இன்று மொட்டைமாடியில் மட்குர வாளி வைப்போர் செய்வதும் அடிப்படையில் அதுவே.

மட்குவதும் அழுகுவதும் ஒன்றல்ல. காற்று புகுந்தால் மட்கும். காற்று அடைபட்டால் அழுகும், நாறும். பலர் முதல் மாதமே வாளியைத் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான்.

மூடியுள்ள 20 லிட்டர் வாளியில் பக்கவாட்டிலும் அடியிலும் துளைகள் போடுங்கள். அடியில் 2 அங்குலம் காய்ந்த சருகு. அதன்மேல் அன்றன்றைய காய்கறித் தோல், டீத்தூள், வாடிய பூ. ஒவ்வொரு முறையும் அதைப்போல் இரண்டு பங்கு சருகோ தென்னை நார்த்தூளோ போட்டு, பச்சை வெளியே தெரியாமல் மூடவேண்டும். சமையலறைக் கழிவில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஈரமும் மிகுதி, சருகில் கரிமம் (கார்பன்) மிகுதி. எடைக்கணக்கில் கரிமம் 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்பதை ஒட்டி இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். தொடக்கத்தில் ஒரு கை பழைய மட்குரம் அல்லது சாணக்கரைசல் சேர்க்கலாம். வாரம் இருமுறை அடிவரை கிளறுங்கள்.

ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வரவேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை. எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது, நீர் தெளியுங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் பச்சைக்கழிவு கூடிவிட்டது. பருத்த புழுக்கள் பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்களே. கெடுதல் இல்லை, சருகைக் கூட்டினால் குறையும். எண்ணெய்ச் சோறு, மீன், இறைச்சி வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையும் மாங்கொட்டையும் மட்க மிக நாளாகும்.

வாளி நிறைந்தபின் நம் வெயிலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம். கறுத்து, உதிர்ந்து, மழை பட்ட மண்போல வாசம் வந்தால் ஆயிற்று. அரைகுறையாக மட்கியதைச் செடிக்குப் போட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். ஐயமிருந்தால் சிறிது எடுத்து வெந்தயம் விதைத்துப் பாருங்கள். சீராக முளைத்தால் பயன்படுத்தலாம்.

'மக்கும் பை' என்று அச்சிட்டதை இதில் போடாதீர்கள். மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரச்சான்று பெற்ற பைகூடப் பெரிய உரக்கூடங்களின் 58 டிகிரி அளவுச் சூட்டை வைத்துச் சோதிக்கப்பட்டது. வீட்டு வாளி அத்தனை சூடாவதில்லை. மற்றதெல்லாம் மட்கிய பின்னும் பை கிழிசலாகக் கிடக்கும்.