குக்கிரி: விளிம்புக்கென்று ஒரு சொல்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் டோக்கியோவின் உயரமான கட்டடம் எதிலாவது ஏறி மேற்கே பார்த்தால் ஃபுஜி மலை தெரியும். நடுவே சுமார் 100 கிலோமீட்டர். ஆகஸ்டில் அதே இடத்தில் நின்றால் பெரும்பாலும் வெளிறிய வானம் மட்டும்தான். குளிர்கால மலையைப் பார்த்து ஜப்பானியர் சொல்வது: 'ஃபுஜிசான் கா குக்கிரி மியெரு'. 'மியெரு' என்றால் 'தெரிகிறது'. 'குக்கிரி' என்பதைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அகராதியில் 'தெளிவாக' என்று போட்டிருக்கும். அதை மட்டும் மனப்பாடம் செய்தால் பாதி கிணறுதான் தாண்டியிருப்போம். மலை பெரிதாகத் தெரிகிறது என்றோ, பிரகாசமாகத் தெரிகிறது என்றோ குக்கிரி சொல்வதில்லை. மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை என்கிறது. ஈர மணலில் பதிந்த காலடித் தடம் குக்கிரி. வெயிலில் கறுத்த கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றியதும் தெரியும் வெளுத்த பட்டை குக்கிரி. சூரியன் இறங்கிய பிறகு வெறும் கறுப்பு உருவமாக நிற்கும் அதே ஃபுஜியும் குக்கிரிதான், அதன்மேல் வெளிச்சம் துளியும் விழாவிட்டாலும்.

கண் வேலை செய்யும் விதமும் இதற்கு ஒத்துப்போகிறது. விழித்திரை தன்மேல் விழும் ஒளியின் அளவை அப்படியே மூளைக்கு அனுப்புவதில்லை. ஒரு செல் தூண்டப்பட்டால், அது அக்கம்பக்கத்துச் செல்களைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. ஒரே மாதிரி வெளிச்சமான பரப்பில் ஒவ்வொன்றும் மற்றதை அடக்குவதால் சேதி மந்தமாகிவிடும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் கதையே வேறு. கோட்டை ஒட்டி வெளிச்சப் பக்கம் இருக்கும் செல்லுக்கு ஒரு புறத்திலிருந்து வரும் தடை குறைவு, அதனால் அதன் குரல் ஓங்குகிறது. இருட்டுப் பக்கம் கோட்டை ஒட்டியிருக்கும் செல்லுக்கோ தடை அதிகம், அது மேலும் அடங்குகிறது. விளைவு, இருக்கிற வேறுபாட்டைவிடக் கூடுதலான வேறுபாடு நமக்குத் தெரிகிறது. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாஹ் இந்த மாயத்தை 1865-இல் விவரித்தார். அதற்குப் பின்னால் இருக்கும் பக்கத் தடுப்பை, அதாவது செல் தன் அக்கம்பக்கத்தை அடக்குவதை, குதிரைலாட நண்டின் கண்ணில் அளந்து காட்டிய உடலியங்கியலாளர் ஹார்ட்லைன் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நரம்பியல் ஆய்வாளர்கள் ஹியூபெலும் வீசலும் இன்னும் உள்ளே போனார்கள். மூளையின் பார்வைப் புறணியில் (கண் அனுப்பும் சேதியைக் கையாளும் மேலடுக்கில்), குறிப்பிட்ட சாய்வில் உள்ள விளிம்புக்கு மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டார்கள். அவர்களுக்கு 1981-இல் நோபல்.

சரி, ஆகஸ்டில் அந்த விளிம்பு எங்கே போகிறது? மலைக்கும் நமக்கும் இடையே மிதக்கும் நுண்துகள்கள் ஈரத்தில் ஊதிப் பருத்து, சூரிய ஒளியைச் சிதறடித்து நம் பார்வைக் கோட்டுக்குள் தள்ளுகின்றன. கருமையான மலையின் மேல் வெண்மை படர்ந்து, மலையும் வானமும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிடுகின்றன. தூரம் கூடக்கூட இந்த வேறுபாடு எப்படிக் குறைகிறது என்பதற்கு 1924-இல் வானிலையியலாளர் கோஷ்மீடர் சூத்திரம் கொடுத்தார். பின்புலத்தோடு உள்ள வேறுபாடு 2 சதவீதத்துக்கு வந்துவிட்டால் பொருள் கண்ணுக்கு மறைந்ததாகக் கணக்கு. குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து வரும் காற்று, ஜப்பான் கடலோரத்து மலைகளிலேயே பனியைக் கொட்டிவிட்டு வறண்டு போய் டோக்கியோவை அடைகிறது. மலை திரும்ப 'குக்கிரி' ஆகிறது.

இனி சொல்லின் வடிவத்துக்கு வருவோம். ஜப்பானிய மொழியில் இப்படிப்பட்ட ஒலிக்குறிப்பு, நிலைக்குறிப்புச் சொற்கள் ஏராளம். 2007-இல் வந்த ஓர் அகராதி 4,500 சொற்களைத் திரட்டியிருக்கிறது. அவற்றில் பல இரட்டித்து வரும்: விண்மீன் 'கிராகிரா' என மின்னும். முதல் எழுத்தைத் 'தங்கம்' என்பதில் வரும் க போல அழுத்தினால், அதே சொல் கண்ணைக் கூசவைக்கும் உச்சி வெயிலாகிவிடும். (நம் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!) இரட்டிப்பு என்றால் நிகழ்வு தொடர்ந்து நடக்கிறது என்று பொருள். குக்கிரி இரட்டிப்பதில்லை. நடுவில் ஒரு வல்லின அழுத்தம், கடைசியில் 'ரி'. ஹக்கிரி (தெளிவாக), பித்தாரி (கச்சிதமாக), யுக்குரி (மெதுவாக) எல்லாம் இதே அச்சு. அசைவு அடங்கி, நிலை ஒன்று அமைந்துவிட்டது என்ற தொனியை இந்த 'ரி' தருகிறது.

ஒலிக்கும் உருவத்துக்கும் தொடர்பு உண்டா? கூரான உருவத்துக்கு 'கிகி', உருண்டையானதற்குப் 'பூபா' என்று பெயர் பொருத்தும் சோதனையை 2001-இல் ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பர்டும் பிரபலமாக்கினார்கள். பின்னர் 25 மொழிகளைப் பேசும் 917 பேரிடம் செய்த ஆய்வில், சுமார் 72 சதவீதம் பேரின் விடை அப்படியே அமைந்தது. குக்கிரியில் க-வும் இகரமும் இருக்க, அதன் எதிர்ச்சொல்லான 'போன்யாரி' (மங்கலாக) பூபா பக்கம் சாய்வதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு சொற்களை வைத்து விதி எழுதிவிட முடியாது.

பயன்படுத்துவதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. 'பளிச்சென்று' என்பதில் நாம் 'என்று' சேர்க்கிறோம் இல்லையா, ஜப்பானியரும் 'குக்கிரி தோ' என்பார்கள். அந்தத் 'தோ'தான் ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போதும் வரும், நம் 'என்று' போலவே. (இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று கிளம்பிவிட வேண்டாம். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ அப்படி வாதிட்டார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை.) குக்கிரியோடு 'தோ' விருப்பம்தான், விட்டாலும் தவறில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போட்டால் 'குக்கிரி ஷித்தா'.

சறுக்கும் இடம் ஹக்கிரி. அதற்கும் அகராதியில் 'தெளிவாக' என்றே இருக்கும். குரல் தெளிவாகக் கேட்டால் ஹக்கிரி, கருத்தைத் தெளிவாகச் சொன்னால் ஹக்கிரி. காதுக்கும் வாய்க்கும் குக்கிரி ஒத்துவராது, அது பெரும்பாலும் கண்ணின் சொல். வெற்றி தோல்வி பளிச்செனப் பிரிந்தது என்று செய்தித் தலைப்புகளில் குக்கிரி வரும், ஆனால் அங்கேயும் நடுவே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கும். அப்புறம், சுவரொட்டியில் யாராவது தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டால் அதற்குக் குக்கிரி வேண்டாம். அதற்கு 'தெகாதெகா' என்று தனிச்சொல் இருக்கிறது, 'பெரிய' என்று பொருள்படும் 'தெகாய்' என்பதிலிருந்து வந்தது. அதில் லேசான ஏளனமும் கலந்திருக்கும், ஆள் பார்த்துச் சொல்லவும்.