செயின்சா: சங்கிலி வாளா, ரம்பமா, அரமா?

ஓடும் பல்சங்கிலியால் மரம் அறுக்கும் இயந்திரமான செயின்சாவுக்குத் தமிழில் மூன்று பெயர்களைப் பார்க்கிறோம்: சங்கிலி வாள், சங்கிலி ரம்பம், சங்கிலி அரம். முதல் இரண்டும் சரி, மூன்றாவது தவறு. அரம் என்பது அராவும் கருவி. செயின்சாவின் பல் மழுங்கினால் அதைத் தீட்டவே உருட்டு அரம் வேண்டும். இயந்திரத்தையும் அரம் என்றால், பயிற்சிக் குறிப்பில் "அரத்தைப் பல்லின் மேல் வை" என்று எழுதும்போது எந்த அரம் என்ற கேள்வி வந்துவிடும்.

வாள் என்றதும் இன்று போர்வாள்தான் நினைவுக்கு வருகிறது. மரம் அறுப்பதற்கும் அந்தச் சொல் பழையதே. ஈர்தல் என்றால் அறுத்துப் பிளத்தல். அதற்கான கருவி ஈர்வாள். "நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாளது" என்ற குறளில் (334) வரும் வாள் இதுதான். ஒரே வீச்சில் வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக அறுப்பதால்தான் நாளுக்கு அது உவமையாகிறது. மரம் அறுக்கும் இடத்தை வாள்பட்டறை என்று சொல்வதிலும் இதே பொருள் நிற்கிறது. ரம்பம் தெலுங்கிலும் உண்டு. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் அகராதியில் இதை இரம்பம் என்று தேட வேண்டும். (சலிப்பூட்டுகிறவரை ரம்பம், அறுவை, பிளேடு என்கிறோம். மூன்றுமே வெட்டுகிற சங்கதிகள்!)

சங்கிலி, வடமொழி சிருங்கலாவிலிருந்து வந்தது. பழந்தமிழில் இதற்குத் தொடர் என்ற சொல் உண்டு. சங்கிலியில் கட்டிய நாயைப் புறநானூற்றின் 74ஆம் பாட்டு "தொடர்ப்படு ஞமலி" என்கிறது. ஆனால் தொடர்வாள் என்று இன்று எழுதினால் யாருக்கும் விளங்காது. சங்கிலி வாளே போதும்.

'பிரசவத்துக்காகக் கண்டுபிடித்த கருவி' என்று இணையத்தில் சுற்றும் செய்தி பாதி உண்மை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் கையால் இழுக்கும் பல்சங்கிலி ஒன்றைப் பிரசவத்திலும் மற்ற சிகிச்சைகளிலும் எலும்பு அறுக்கப் பயன்படுத்தினார்கள். 1830இல் ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுழற்றினால் பட்டையைச் சுற்றிச் சங்கிலி ஓடும் எலும்பு வாளைச் செய்தார். மரத்துக்கான மின்வாளை ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926இல் கொண்டுவந்தார். இன்றைய பல்லின் வளைந்த வடிவம் 1940களில் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோசப் காக்ஸ் அமைத்தது. மரம் துளைக்கும் வண்டின் புழு தாடையால் இடமும் வலமுமாகக் கடித்துப் போவதைப் பார்த்து அவர் அதைச் செய்தார். அதனால்தான் சங்கிலியில் ஒரு பல் இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் பார்க்கின்றன.

உறுப்புகளின் பெயர்களில் சில எளிதாக அமைந்துவிடுகின்றன. சங்கிலி ஓடும் பட்டையை எல்லோரும் பார் என்கிறோம்; வழிப்பட்டை என்றும் சொல்லலாம். அதன் பள்ளத்துக்குள் இறங்கி ஓடுவது ஓட்டுக்கண்ணி. பிட்ச் என்பது கண்ணியிடை: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடு வரை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். 0.325 அங்குலமும் 3/8 அங்குலமும் அதிகம் விற்பவை. கேஜ் என்பது ஓட்டுக்கண்ணியின் தடிப்பு, 1.3 அல்லது 1.5 மி.மீ. என்பது போல. சங்கிலி வாங்கும்போது இந்த இரண்டோடு ஓட்டுக்கண்ணிகளின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். "18 அங்குலச் சங்கிலி கொடுங்க" என்று மட்டும் கேட்டால் பொருந்தாத சங்கிலி வந்து சேரும்.

டெப்த் கேஜ் என்ற உறுப்பை 'ஆழமானி' என்று பெயர்த்திருப்பதைக் காணலாம். அது எதையும் அளப்பதில்லை. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேடு அது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதற்கு எல்லை கட்டுகிறது. கடிவரம்பு என்றால் வேலை விளங்கும். பல்லின் உச்சியைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்வாக இருப்பது வழக்கமான அளவு. பல்லைத் தீட்டத் தீட்ட அதன் உயரம் குறையும். கடிவரம்பு அப்படியே நின்றால் சங்கிலி மரத்தின் மேல் வழுக்கி ஓடும், தூள்தான் வரும். பொறுமையிழந்து கடிவரம்பை அதிகமாக அராவிவிட்டால் பல் முரட்டுத்தனமாகக் கடித்து இயந்திரத்தையே உதறும். 0.325 சங்கிலிக்கு 4.8 மி.மீ. உருட்டு அரம், 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்தம். எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் வெட்டு வளைந்துகொண்டே போகும். சிராய் சிராயாக விழுந்தால் பல் கூர்மை, மாவாக விழுந்தால் மழுங்கல்.

இனி, பெயரிலேயே கவனம் வேண்டிய சொல்: கிக்பேக். இதைப் 'பின்னடைவு' என்று எழுதுகிறார்கள். பின்னடைவு தேர்தல் முடிவுக்குப் பொருந்தும். முகத்தை நோக்கிப் பாயும் சங்கிலிக்குப் பொருந்தாது. மாடு உதைக்கிறது, துப்பாக்கி உதைக்கிறது, சங்கிலி வாளும் உதைக்கிறது. உதைப்பு என்பதே சரி. பாரின் மேல்விளிம்பில் சங்கிலி முன்னோக்கி ஓடி, மூக்கில் திரும்பி, அடிவிளிம்பில் நம்மை நோக்கி வருகிறது. மூக்கின் மேல் கால்பகுதி கிளையிலோ பக்கத்துக் கட்டையிலோ பட்டால், அங்கே கீழிறங்கும் பல் கடித்துச் சிக்கிக்கொள்ளும். சங்கிலியின் வேகமெல்லாம் பார் மீது திரும்பி, அது மேலும் பின்னுமாக வளைந்து ஆளை நோக்கி எழும். நாம் சுதாரிக்க நேரம் இருக்காது.

இதற்கு உறவான வேறு இரண்டு உண்டு. அடிவிளிம்பால் அறுக்கும்போது சங்கிலி சிக்கினால் இயந்திரம் முன்னே பாயும், அது இழுப்பு. என்ஜின் முன்னுள்ள முள்தட்டை மரத்தில் ஊன்றிக்கொண்டு அறுத்தால் இழுப்பு அடங்கும். மேல்விளிம்பால் அறுக்கும்போது சிக்கினால் நம் மீது தள்ளும், அது தள்ளல்.

கையைப் பிடிக்கும் முறையும் உதைப்பை வைத்தே அமைந்தது. இடக்கை முன்பிடியில், கட்டைவிரல் பிடியைச் சுற்றி வளைத்திருக்க வேண்டும். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கும் இதேதான். உதைக்கும்போது இடது மணிக்கட்டு முன்தடுப்பில் மோதிச் சங்கிலி பிரேக் விழுவதற்குத்தான் அந்த ஏற்பாடு. தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. லுங்கியும் தோளில் தொங்கும் துண்டும் ஆகவே ஆகாது. கண்ணாடி, காதடைப்பு, வெட்டுத் தாங்கும் காற்சட்டை மூன்றும் வேண்டும். அந்தக் காற்சட்டைக்குள் இருக்கும் நீள இழைகள் சங்கிலியில் சுற்றிப் பல்சக்கரத்தை நிறுத்திவிடும்.

பெட்ரோல் கலவை பெரும்பாலான இயந்திரங்களுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயில். கண்ணளவில் ஊற்றிக் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப் போய், பிரேக்கைப் போட்டு, தரையில் வைத்து, பின்பிடிக்குள் வலது காலணி நுனியை நுழைத்து மிதித்துக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு கையில் தொங்கவிட்டுக் கீழே உதறி ஸ்டார்ட் செய்வது பார்க்கத்தான் ஸ்டைல். ஓடத் தொடங்கியதும் பாரின் மூக்கை வெளிர்நிறக் கட்டைக்கு மேல் காட்டினால் சங்கிலிக்கான மசகெண்ணெய் கோடாகத் தெளிக்க வேண்டும். தெளிக்காவிட்டால் சங்கிலி காய்ந்து ஓடுகிறது.

நிற்கும் மரத்தில் சாய வேண்டிய பக்கம் முன்வெட்டு, எதிர்ப்பக்கம் பின்வெட்டு, இடையில் அறுக்காமல் விடும் கட்டை என்று மூன்று. ஹிஞ்ச் எனப்படும் அந்தக் கட்டைக்குக் கீல் என்ற நம் சொல் அச்சாகப் பொருந்துகிறது; கதவைப் போல மரத்தைத் திருப்பிச் சாய்ப்பது அதுதான். 40 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் முன்வெட்டு 8 முதல் 10 செ.மீ. ஆழம், கீல் 4 செ.மீ. கீலையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

2018 நவம்பர் கஜா புயலில் டெல்டாவில் விழுந்தது போன்ற மரங்கள் வேறு வகை. விழுந்த மரத்துக்குள் விசை இறுகியிருக்கும். இரு முனையும் தாங்கிக் கிடந்தால் மேற்பக்கம் நெருக்குப் பக்கம், அடிப்பக்கம் இழுபக்கம். முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு கீழிருந்து. ஒரு முனை தொங்கினால் இது தலைகீழ். கீழிருந்து அறுக்கும் போதெல்லாம் வேலை செய்வது மேல்விளிம்பு, எனவே தள்ளலை எதிர்பார்த்தே நிற்க வேண்டும். வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும் வேர்க்கட்டி பழைய குழிக்கே திரும்பி விழலாம். குழிக்குள் ஆளோ குழந்தையோ இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கயிற்றை இழுக்க வேண்டும்.