டாக் வாங்குறதுக்கு முன்னாடி அந்த ‘உம்ம்’ சத்தத்தைக் கவனிங்க

மன்னார்குடியில என் சித்தப்பா வீட்டுக் கூடத்துல ஒரு பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ரெண்டு ஸ்பீக்கர், நடுவுல ஒரு டாக், அப்புறம் லேப்டாப்பு நிறைய கச்சேரி, எல்லாம் அவரே வருஷக்கணக்கா உக்காந்து கேசட்டுலேர்ந்தும் சிடியிலேர்ந்தும் ஏத்துனது. தை மாசம் போயிருந்தப்ப “ஏம்ப்பா, இந்த டாக்கை மாத்திட்டு 32 பிட்டுல ஒண்ணு வாங்கிடலாமா, தம்புராவே சரியா கேக்க மாட்டேங்குது, அடியில உம்ம்முன்னு ஒண்ணு ஓடுது”ன்னு கேட்டார்.

டாக்னா டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர். ஃபைலுக்குள்ள பாட்டு வெறும் நம்பராத்தான் இருக்கு. சிடியில ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு மட்டும் செகண்டுக்கு 44,100 நம்பர், ஒவ்வொண்ணும் 16 பிட், அதாவது 65,536 அளவுல ஏதோ ஒண்ணு. அந்த நம்பரை வோல்டேஜா மாத்தி ஆம்புக்கு அனுப்புறதுதான் டாக்கோட வேலை.

டிஜிட்டல்னா அலை படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும், பிட்டை ஏத்துனா படி சின்னதாகும்னு படம் போட்டு சொல்லுவாங்க, அது தப்புங்க. வாசல்ல புள்ளி வெச்சு கோலம் போடுறோம்ல, அந்த நம்பரெல்லாம் புள்ளிதான். கோலத்துல ஒரே புள்ளிக்கு நாலு விதமா இழை இழுக்கலாம், இங்க அது முடியாது. 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல எந்த சத்தமும் இருக்கக்கூடாதுன்னு ஒரு கட்டு போட்டுட்டா, அத்தனை புள்ளி வழியாவும் போற வளைவு ஒண்ணே ஒண்ணுதான் இருக்க முடியும், அதைத்தான் டாக்குல இருக்க ஃபில்டர் இழுக்குது. மனுஷ காது கேக்குறது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், வயசாக ஆக அதுவும் கொறையும்.

பிட்டு எவ்வளவுன்றதை விட அதை எப்படி கையாளுறாங்கன்றதுதான் முக்கியம்னு ஆரம்பத்துலயே காட்டிட்டாங்க. 1982ல சிடி விற்பனைக்கு வந்த காலத்துல பிலிப்ஸ்காரங்க கையில இருந்தது 14 பிட் சிப்புதான். அதை நாலு மடங்கு வேகத்துல ஓட்டி, கணக்குல வர்ற மிச்சம் மீதி பிழையை காதுக்கு எட்டாத உசரத்துக்குத் தள்ளி விட்டு, 16 பிட்டுக்கு ஈடான சத்தத்தை வாங்கிட்டாங்க! எனக்கு இன்னிக்கும் இதை நெனைச்சா ஆச்சரியமா இருக்கும். இப்ப வர்ற டெல்டா சிக்மா சிப்பெல்லாம் இதே யோசனையை ரொம்ப தூரம் இழுத்துட்டு போனதுதான், ஒருசில பிட்டு மட்டும் வெச்சுக்கிட்டு செகண்டுக்கு பல லட்சம் தடவை ஓடும்.

ரொம்ப மெல்லிசான சத்தத்துக்கும் ரொம்ப பெரிய சத்தத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்றதை டெசிபல்ல அளப்பாங்க, ஒரு பிட்டுக்கு சுமார் 6 டெசிபல்னு வெச்சா 16 பிட்டுக்கு 96, 32 பிட்டுக்கு 192. ஆனா அந்த 192ஐ வெளியில குடுக்குற சர்க்யூட்டு கெடையாது, ரெசிஸ்டருக்குள்ள சூட்டுல எலக்ட்ரான் ஆடுற இரைச்சலே அதுக்கு ரொம்ப முன்னாடி தடுத்துடும், நல்ல டாக்கே 120 பக்கத்துலதான் நிக்கும். நம்ம கூடத்துல ஃபேன் ஓடுறப்ப 96 டெசிபலையே முழுசா கேக்க முடியாது. அதனால 32ன்ற நம்பருக்காக காசு குடுக்காதீங்க.

அப்ப அந்த உம்ம் எங்கேர்ந்து வந்துச்சு? லேப்டாப்பு சார்ஜர் ரேழியில ஒரு பிளக்குல, ஆம்ப் கூடத்துல வேற பிளக்குல. ரெண்டு இடத்து எர்த்தும் ஒரே மட்டத்துல இருக்காது, கொல்லையில போர் மோட்டர் ஓடுனா அது கசிய விடுற கரண்டும் சேரும், அந்த வித்தியாசம் யூஎஸ்பி ஒயரோட கிரவுண்டு வழியா டாக்குக்குள்ள புகுந்து ஆம்புக்கு போயிடும். நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ், அதனால 50, 100, 150னு உறுமும். அவர் கேட்டுட்டு இருந்தது 1 கட்டை சுருதி, அதுல தம்புராவோட பஞ்சம தந்தி சுமார் 98 ஹெர்ட்ஸ். பக்கத்துலயே 100ல ஒரு உறுமல் இருந்தா செகண்டுக்கு ரெண்டு தடவை சத்தம் ஏறி எறங்கி அலையும், சுருதி சேராத மாதிரியே தோணும். சார்ஜரைப் புடுங்கிட்டு பேட்டரியில ஓட்டினேன், உம்ம் போயிடுச்சு, பஞ்சமம் தனியா வந்து நின்னுச்சு. சித்தப்பா எதுவுமே பேசல, அதே பாட்டை மறுபடி மொதல்லேர்ந்து போடச் சொன்னார்.

இதுக்காக எர்த் பின்னை மட்டும் ஒடைச்சுடாதீங்க, ஆம்போட இரும்பு பாடியில கரண்ட் ஏறுனா உசுருக்கே ஆபத்து.

டாக் பாக்குறப்ப மொதல்ல ஆப்டிகல் இன்புட் இருக்கான்னு பாருங்க, அதுல போறது வெளிச்சம், செம்பு கெடையாது, அதனால கிரவுண்டு அந்த வழியா தாண்டவே முடியாது. அவுட்புட் 2 வோல்ட் சுமாருக்கு இருந்தா வீட்டு ஆம்புக்கு போதும். கடையில ரெண்டு டாக்கை மாத்தி மாத்தி போட்டுக் காட்டுனா சத்தத்தை ரெண்டுலயும் ஒரே அளவுக்கு வெக்கச் சொல்லுங்க, கொஞ்சம் கூட கேக்குறது எப்பவுமே நல்லா இருக்க மாதிரி காதை ஏமாத்திடும்.

சித்தப்பா வெச்சிருந்த டாக்குக்குப் பின்னாடியே ஆப்டிகல் ஓட்டை இருந்துச்சு, கருப்பு மூடியைக் கூட இன்னும் கழட்டல. யூஎஸ்பியை ஆப்டிகலா மாத்துற ஒரு சின்ன பெட்டியும் ஒரு ஒயரும்தான் வாங்குனோம், டாக் அதேதான் இருக்கு.