ஹியூமிக் அமிலம் ஊற்றினால் மண்ணிலுள்ள குரோமியம் போய்விடுமா?

பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த நிலங்களை வைத்திருக்கும் விவசாயிகள் மண் பரிசோதனைக்கு வரும்போது அடிக்கடி கேட்பது, உரக்கடையில் விற்கும் ஹியூமிக் அமிலத்தை ஊற்றினால் மண்ணிலுள்ள உலோகமெல்லாம் போய்விடுமா என்பதைத்தான். போகாது. உலோகம் ஒரு தனிமம். அதை எதைக் கொண்டும் மக்கச் செய்ய முடியாது. வேரும் நீரும் எளிதில் எடுத்துக்கொள்ளாதபடி அதைப் பிடித்துவைப்பதுதான் ஹியூமிக் பொருள்களால் ஆகும் காரியம். அதுவும் எந்த உலோகம், எந்த வடிவம், மண்ணின் பி.எச். அளவு (அமில, காரத் தன்மையின் அளவு) என்ன என்பவற்றைப் பொறுத்தது.

இலை தழைகளும் சாணமும் நெடுங்காலம் மக்கி உண்டாகும் கரும்பழுப்புப் பொருள்களே ஹியூமிக் பொருள்கள். நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் இவற்றைப் பிரித்தெடுக்கலாம். காரத்தில் கரைந்து அமிலத்தில் படியும் பகுதி ஹியூமிக் அமிலம்; எந்நிலையிலும் கரையும் பகுதி ஃபல்விக் அமிலம்; எதிலும் கரையாதது ஹியூமின். இவற்றிலுள்ள கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் நேர்மின்னூட்டம் கொண்ட உலோக அயனிகளை நண்டுக் கொடுக்கு இரையைப் பற்றுவதுபோலப் பற்றுகின்றன. ஈயமும் தாமிரமும் வலுவாகப் பிடிபடும்; காட்மியமும் துத்தநாகமும் அவ்வளவு வலுவாகப் பிடிபடுவதில்லை. மண் புளித்து அமிலத்தன்மை கூடினால் பிடித்ததும் நழுவும்.

குரோமியத்தின் கதை வேறு. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற, ஒன்றரை லட்சம் டன் அளவுக்கு மதிப்பிடப்படும் கழிவு மேட்டிலிருந்து கசிவதோ ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் இந்த வடிவம் எதிர்மின்னூட்டத்துடன் நீரோடு ஓடுவதால், தானும் எதிர்மின்னூட்டம் கொண்ட ஹியூமிக் அமிலத்தால் அதை நேரடியாகப் பற்ற முடியாது. முதலில் அது எலக்ட்ரான்களைப் பெற்று மூன்று இணைதிறன் நிலைக்கு ஒடுக்கப்பட வேண்டும். ஹியூமிக் பொருள்கள் அதைச் செய்யக்கூடியவைதான். ஆனால் அமில நிலையில் விரைவாக நடக்கும் அந்த வினை, கார நிலையில் மிக மெதுவாகவே நடக்கிறது. குரோமேட் தயாரிப்பில் மிஞ்சும், சுண்ணாம்பு சேர்த்து வறுத்த தாதுவின் எச்சமோ பொதுவாகக் கடுங்காரமானது. ஆகவே அத்தகைய இடத்தில் ஹியூமிக் திரவத்தை மட்டும் ஊற்றிவிட்டுக் காத்திருப்பது பயன் தராது. காரத்தைக் குறைப்பது, அன்னபேதி (இரும்பு சல்பேட்டு) போன்ற ஒடுக்கியைச் சேர்ப்பது என்று நிபுணர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை அது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு, ஒடுங்கிய குரோமியத்தை மீண்டும் பழைய நச்சு வடிவத்துக்கு மாற்றவும் கூடும் என்பதால் தொடர் கண்காணிப்பும் தேவை.

விற்பனையாளர்கள் சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கரையாத ஹியூமிக் பொருள் உலோகத்தை நிறுத்திவைக்கும்; கரையும் ஃபல்விக் பொருளோ அதைத் தன்னோடு சேர்த்து நிலத்தடி நீருக்குக் கொண்டு போகலாம். மணற்பாங்கான நிலத்தில் திரவ ஹியூமேட்டை (ஹியூமிக் அமில உப்பின் கரைசலை) அளவின்றி விடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆர்செனிக் உள்ள மண்ணில், இரும்பு ஆக்சைடின்மேல் ஒட்டியிருக்கும் ஆர்செனிக்கை இப்பொருள்கள் இடம்பெயர்த்து நீரில் விட்டுவிடவும் கூடும். கிணற்று நீரைச் சுத்தப்படுத்த இவற்றைக் கலப்பதும் தவறு. ஹியூமிக் பொருள் கலந்த நீரில் குளோரின் சேர்த்தால் டிரைஹாலோமீத்தேன்கள் என்ற தீங்கான சேர்மங்கள் உண்டாகும். மேலும், நம் பகுதி நிலங்கள் பலவற்றைப் பாழாக்கியது குரோமியத்தைவிட உப்புதான். சோடியம் குளோரைடை எந்த ஹியூமிக் அமிலமும் அகற்றாது.

எனவே வாங்குவதற்கு முன் மண்ணைப் பரிசோதியுங்கள். மொத்த உலோக அளவு மட்டும் போதாது. பயிர் எடுக்கக்கூடிய அளவையும், குரோமியமாக இருந்தால் ஆறு இணைதிறன் வடிவத்தையும் தனியே கேளுங்கள். ஈயமோ தாமிரமோ மிகுந்த மண்ணுக்கு, நன்கு மக்கிய தொழுவுரம் திரவப் பொருளைவிடப் பாதுகாப்பானது. நகரக் குப்பை உரத்திலேயே உலோகம் இருக்கக்கூடும் என்பதால் அதைச் சோதிக்காமல் போட வேண்டாம். உரமிட்ட பின் வரும் மழைக்காலம் முடிந்ததும் பக்கத்துக் கிணற்று நீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.