சுண்ணாம்பில் வெந்த சோளம்

மெக்சிகோ உணவு என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மிளகாய், எலுமிச்சை, வெண்ணெய்ப்பழம். இவையெல்லாம் தொட்டுக்கொள்ளவும் மேலே தூவவும் இருப்பவை. வயிற்றை நிரப்புவது மக்காச்சோளம். டார்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டி, தமால், போசோலே, அத்தோலே, த்லாக்கோயோ என்று ஊருக்கு ஊர் பெயரும் வடிவமும் மாறுகிற எத்தனையோ பதார்த்தங்கள் அந்த ஒரே தானியத்திலிருந்து வருகின்றன. வடக்கே சொனோரா பக்கம் கோதுமை டார்ட்டியா உண்டு. மற்றபடி சோளத்தின் ஆட்சிதான். ஆனால் காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய வட்டமாகத் தட்டிப் பாருங்கள். ஓரம் வெடிக்கும், கையில் எடுத்தால் உடையும். கோதுமையைப் பிணைத்து வைக்கும் குளூட்டன் சோளத்தில் இல்லை. அப்படிப்பட்ட தானியத்திலிருந்து, சுருட்டவும் மடிக்கவும் வளைந்து கொடுக்கிற ஒரு வட்டத்தை வரவழைத்தது சுண்ணாம்பு.

வெற்றிலையில் தடவுகிறோமே, அதே நீற்றிய சுண்ணாம்புதான்: கால்சியம் ஹைட்ராக்சைடு. ஒரு கிலோ சோளத்துக்குச் சுமார் 10 கிராம் போதும். தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகவிடுகிறார்கள். பிறகு அடுப்பை அணைத்து இரவு முழுவதும் ஊறவிடுகிறார்கள். காலையில் நீர் மஞ்சளாகக் குழம்பிப்போயிருக்கும். அந்த நீருக்கு நெஹயோத்தே என்று பெயர். அதைக் கொட்டிவிட்டு, கையால் தேய்த்துக் கழுவினால் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இப்படிப் பதமான சோளமே நிக்ஸ்தமால். அதை ஈரமாகவே அரைத்தால் கிடைப்பது மாசா என்னும் மாவு.

குவாத்தமாலாவின் தென்கடற்கரையில் கிடைத்த கி.மு. 1500 முதல் 1200 வரையிலான சமையல் பாத்திரங்களே இந்த முறைக்கான மிகப் பழைய சான்றாகச் சொல்லப்படுகின்றன. சுண்ணாம்புக்கல் கிடைக்காத இடங்களில் லக்காண்டோன் மாயர்கள் நன்னீர் நத்தை ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். வேறு சில ஊர்களில் விறகுச் சாம்பல் அந்த வேலையைச் செய்தது.

பானைக்குள் என்ன நடக்கிறது? சோளத்தின் வெளித்தோல் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. செங்கற்களுக்கு நடுவே சாந்து இருப்பதுபோல, அந்த இழைகளுக்கு நடுவே ஹெமிசெல்லுலோஸ் என்னும் பொருள் நிறைந்திருக்கிறது. வெறும் தண்ணீரில் எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அது பெரிதாக அசைவதில்லை. சுண்ணாம்பு கரைந்த காரநீரில் நிலைமை வேறு. ஹெமிசெல்லுலோஸ் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் ஃபெருலிக் அமிலப் பிணைப்புகள் அறுந்து, சங்கிலிகள் கரையத் தொடங்குகின்றன. தோல் கழல்வது அதனால்தான். கரைந்ததில் ஒரு பகுதி நெஹயோத்தேயோடு போய்விடுகிறது. எஞ்சியது பசையாக மாவிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பசை மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. கூடவே ஓரளவு மாவுச்சத்து உப்பிக் கூழாகிறது, கால்சியம் அயனிகள் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுகின்றன, கொழுப்பில் ஒரு சிறு பங்கு சவர்க்காரமாக மாறி நீரையும் எண்ணெயையும் இணைத்து வைக்கிறது. குளூட்டன் இல்லாத மாவு இப்படித்தான் பிசைவதற்கு இணங்குகிறது.

சுண்ணாம்பைத் தேர்ந்ததிலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. அது தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், லிட்டருக்கு இரண்டு கிராமுக்கும் குறைவு. அதிகமாகப் போட்டால் மிச்சம் அடியில் படிந்துவிடும். நீரின் காரத்தன்மை, அதை அளக்கும் பிஹெச் அளவீட்டில் 12.4க்கு மேல் ஏறாது. கரைந்தது செலவாகச் செலவாக, அடியில் படிந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அந்த இடத்தை நிரப்பும். இரவெல்லாம் யாரும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லாத, தன்னைத் தானே சமன்செய்துகொள்ளும் ஏற்பாடு இது. பிஹெச் என்ற அளவீடு பிறப்பதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கைப்பழக்கத்தால் கண்டுபிடித்தவர்கள் மீது எனக்குள்ள வியப்பு குறைவதே இல்லை.

மணத்துக்கும் இதில் பங்கு உண்டு. சூடான டார்ட்டியாவை முகர்ந்தால் வருகிற, வேகவைத்த சோளத்தில் இல்லாத அந்தத் தனி வாசனைக்கு முக்கியக் காரணம் 2-அமினோ அசிட்டோஃபீனோன் என்னும் சேர்மம். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் சிதைவதால் அது உண்டாகிறது.

இதே காரநீர் நியாசின் எனப்படும் வைட்டமின் பி3-யையும் விடுவிக்கிறது. சோளத்தில் நியாசின் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி பெரிய சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்து கிடப்பதால் நம் குடல் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. சுண்ணாம்பு அந்தப் பிணைப்பை உடைக்கிறது. கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகு சோளம் ஐரோப்பாவுக்குப் போனபோது, விதை கப்பலேறியது, செய்முறை ஏறவில்லை. தோலோடு உலர்வாக அரைக்கும் ஆலைகள் ஐரோப்பியர்களிடம் இருந்தன, ஊறவைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்கு ஏழைகள் கொடுத்த விலை பெரிது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில், காஸ்பர் காசல் என்ற மருத்துவர் சோளத்தையே நம்பி வாழ்ந்த விவசாயிகளிடம் ஒரு புதிய நோயைக் கண்டு விவரித்தார். வெயில் படும் இடங்களில் தோல் கருகி உரியும், வயிற்றுப்போக்கு வரும், மனம் பேதலிக்கும், பிறகு மரணம். வட இத்தாலியில் அதற்கு பெல்லாக்ரா என்ற பெயர் கிடைத்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நோய் அமெரிக்காவின் தென்மாநிலங்களைச் சூறையாடியது. 1906க்கும் 1940க்கும் இடையே சுமார் 30 லட்சம் பேர் நோயுற்றார்கள், ஒரு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914இல் அரசு சுகாதாரத்துறை மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஒன்றைக் கவனித்தார்: அநாதை இல்லங்களிலும் மனநல மருத்துவமனைகளிலும் இருந்தவர்களுக்குத்தான் நோய் வந்தது, அவர்களைக் கவனித்த ஊழியர்களுக்கு வரவில்லை. பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுத்தார், நோய் விலகியது. இது தொற்றாது என்று காட்ட, நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். குறைபடும் பொருள் எது என்று தெரியாமலேயே 1929இல் இறந்தும் போனார். அது நியாசின் என்பதை 1937இல் கான்ராட் எல்வெஹெம் காட்டினார். தக்காணத்தில் ஜோவார் எனப்படும் நாட்டுச் சோளம் உண்ணும் ஏழைகளிடமும் பெல்லாக்ரா உண்டு என்பதை ஹைதராபாத்தில் ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். ஆனால் அது மக்காச்சோளம் அல்ல, வேறு தானியம், அங்கே அவர் சந்தேகித்த காரணமும் வேறு: லூசின் என்ற அமினோ அமிலத்தின் மிகுதி.

எல்லாப் பெருமையையும் சுண்ணாம்புக்கே கொடுப்பதும் சரியல்ல. சோளப் புரதத்தில் லைசினும் டிரிப்டோஃபானும் குறைவு. மெக்சிகோவின் பழைய வயலான மில்ப்பாவில் சோளத்தோடு பீன்ஸும் பூசணியும் சேர்ந்தே வளர்ந்தன. பீன்ஸ் அந்தக் குறையை ஈடுகட்டியது. டிரிப்டோஃபானிலிருந்து நம் உடல் நியாசினையும் தயாரித்துக்கொள்ளும்.

மாசா கைக்கு வந்த பிறகு பதார்த்தங்கள் பிரிந்து விரிகின்றன. மெல்லியதாகத் தட்டி, கோமால் என்னும் தோசைக்கல் போன்ற சூடான தட்டில் போட்டால் டார்ட்டியா. இருபுறமும் சட்டென்று காய்ந்து மேற்பரப்பு மூடிக்கொள்வதால், உள்ளே அகப்பட்ட நீராவி அதை உப்பச் செய்கிறது. மண் கோமாலில் மாவு ஒட்டாமல் இருக்கப் பூசப்படுவதும் சுண்ணாம்புதான். மாசாவைப் பன்றிக்கொழுப்போடு அடித்துச் சோளமடலிலோ வாழையிலையிலோ பொதிந்து ஆவியில் வேகவைத்தால் தமால். ஒரு சிட்டிகை மாவு தண்ணீரில் மிதந்தால் போதிய காற்று ஏறிவிட்டது என்று பொருள். நீரில் கரைத்துக் காய்ச்சினால் அத்தோலே. அரைக்காமல், கக்காவாசிந்த்லே என்னும் பெருமணிச் சோளத்தின் நுனியைக் கிள்ளிவிட்டு வேகவைத்தால், மணிகள் பூப்போல மலர்ந்து போசோலேயாகும். நீலச் சோளத்தின் ஆந்தோசயனின் நிறமி காரத்துக்குத் தக்கபடி மாறும்: சுண்ணாம்பு கூடினால் மாவு பச்சையாகும், எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும். 2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நிக்ஸ்தமால் முறையும் அதில் இடம்பெற்றது.

டார்ட்டியா ஆறினால் விறைத்துப்போவது மாவுச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்கிக்கொள்வதால். சூடாக்கினால் ஓரளவு இளகும். இளகாத நேற்றைய டார்ட்டியாவைத் துண்டுகளாக்கிப் பொரித்து, மிளகாய்ச் சல்சாவில் புரட்டினால் காலை உணவான சிலாக்கிலேஸ் தயார். அதற்குப் பழையதுதான் ஏற்றது. ஈரம் குறைந்து இறுகியிருப்பதால் சாற்றை உறிஞ்சியும் உருவம் குலையாது. அன்று சுட்டதைப் போட்டால் சீக்கிரமே கூழாகிவிடும்.